உனக்காக நான் சொன்ன பதில்கள்

மச்சான்,

சனிக்கிழமை தெற்கு லண்டனில், மிட்சம் ஸ்டேஷனில் ட்ராம் ஏறினேன். எனக்கு முன்னால் இருந்தவன் காலை நீட்டி வைத்துக்கொண்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். தசைப்பிடிப்புக்குத் தேய்க்கிற, மூக்கை எரிக்கிற அதே தைலம். உன் முதுகிலும் தொடையிலும் அதை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தேய்த்திருப்பேன். நீ விளையாட்டை நிறுத்திய பிறகும் அந்த மணம் நான் ஓட்டிய பழைய வானை விட்டுப் போகவில்லை. வானை வாங்க வந்தவன் மூக்கைச் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது. சனிக்கிழமை அந்த மணம் வந்ததும் நான் எழும்பிவிட்டேன். அடுத்த தரிப்பில் இறங்கி மழைக்குள் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நீ போய் ஒன்றேகால் வருடம். இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத இருந்தது ஒரே ஒரு விஷயம், அதை எழுதத் துணிவில்லை. போன கிழமை அதை உன் மனைவியிடமும் மூத்த மகளிடமும் சொல்லிவிட்டேன். அவர்களுக்குச் சொன்ன பிறகு உனக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. இதில் முக்கால்வாசி உனக்குத் தெரியும். தெரியாத கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் சந்தித்தது மிட்சத்தில், பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அந்த வீட்டில். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இரண்டு வருடம். நீ பிரான்சில் இருந்து ஒரு விளையாட்டுப் பையோடு வந்து பக்கத்து அறையில் இறங்கினாய். பத்து வயதில் தகப்பனோடு பிரான்சின் தெற்குப் பக்கம் போனவன் நீ. உன் தமிழும் அந்தப் பத்து வயதோடு நின்றுவிட்டது. ஆள் ஆறடி, கழுத்து என் தொடையளவு. வாயைத் திறந்தால் "எனக்குப் பசிக்குது, சோறு தாங்கோ" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கதைப்பாய். நான் சிரித்தால் கோபம் வந்து பிரெஞ்சில் ஏசுவாய்.

நீ விளையாடியது ரக்பி லீக். அதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தியே களைத்துப் போனாய். "ரக்பியோ? கொழும்பிலை பெரிய பள்ளிக்கூடத்துப் பெடியள் விளையாடுறது. பதினைஞ்சு பேரெல்லோ?" என்பார்கள். "இல்லை அங்கிள், இது வேறை. பதின்மூண்டு பேர்" என்பாய். "அப்ப மற்ற ரெண்டு பேரும் எங்கை போட்டினம்?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரிப்பார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒரு பெரியவர் உன் கோணல் மூக்கை வடிவாகப் பார்த்துவிட்டு, "அடி வாங்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லைத் தம்பி, ஊரிலை நிண்டிருந்தாலே கிடைச்சிருக்கும்" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன் இடம் முன்வரிசை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே வரிசை கட்டி நிற்கிறவர்களுக்குள் ஓடிப் போய் விழுவதுதான் உன் வேலை. எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திரும்பவும் போய் நிற்பாய். ஆறு தடவை விழுந்து எழும்பினால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். பிறகு அவன் ஓடி வருவான், நீ அவனை விழுத்த வேண்டும். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுக்கிறவனைத்தான் படம் எடுப்பார்கள். உன்னைப் படம் எடுத்தது பாஸ்போர்ட்டுக்கு மட்டும் என்று நான் பகிடி பண்ணுவேன்.

பதினேழு சீசனில் எட்டுக் கழகம். பிரான்சில் இரண்டு, லண்டனில் ஒன்று, மற்றதெல்லாம் இங்கிலாந்தின் வடக்கே, சுரங்கம் மூடிப் போன சின்னச் சின்ன ஊர்களில். எல்லாம் ஒரு வருட ஒப்பந்தம். அவர்களுடைய ஆளுக்குக் கால் உடைந்தால் உன்னைக் கூப்பிடுவார்கள், கால் பொருந்தியதும் அனுப்பிவிடுவார்கள். கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கிற கதிரை நான் என்று நீயே சொல்வாய். மேல் பிரிவில் நீ விளையாடியது இரண்டே இரண்டு ஆட்டம், அதுவும் கடைசிக் கால் மணி நேரம். கிழமை நாளில் கட்டட வேலைக்குப் போய்ப் பலகை தூக்கினாய்.

எனக்கு ஒரு பழைய வான் இருந்தது. அதனால் ஞாயிறு தோறும் உன்னை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன் ஆனேன். ஒரு நாள் தண்ணீர் கொடுக்கிறவன் வரவில்லை என்று உன் கோச் என்னிடம் ஒரு மஞ்சள் மேற்சட்டையை எறிந்தார். அன்றைக்குப் போட்டதுதான். பிறகு நீ போன கழகத்துக்கெல்லாம் நானும் வந்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று உன் கூட்டாளிகள் எங்களைக் கேலி செய்வார்கள்.

அந்த விஷயம் தொடங்கிய முதல் நாளுக்கு வருகிறேன். உனக்கு முப்பத்தொரு வயது. மாசி மாதம், ஆலங்கட்டியும் மழையும் கலந்து விழுந்தது. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். நீ ஒருவனை விழுத்தக் குனிந்தாய். அவனுடைய இடுப்பெலும்பு உன் நெற்றிப்பொட்டில் அடித்தது. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நீ கையை ஊன்றாமல் விழுந்தாய்.

நான் போத்தலோடு ஓடி வருவதற்குள் கழகத்தில் காயம் பார்க்கிற பிசியோ உன் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். தலையில் அடிபட்டவனிடம் கேட்பதற்கென்று அவளிடம் ஐந்து கேள்விகள் இருந்தன. இது எந்த மைதானம்? இப்போது எத்தனையாவது பாதி? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன கிழமை யாரோடு விளையாடினாய்? வென்றீர்களா? ஒன்று பிழைத்தாலும் ஆளை வெளியே எடுத்துவிடுவார்கள். நீ அவளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாய். நான் உன் முகத்தைத் துடைக்கிற சாட்டில் குனிந்து, ஆறுதல் சொல்கிற குரலில் தமிழில் சொன்னேன்.

"ஒண்டுமில்லை மச்சான், பயப்பிடாதை. ரெண்டாம் பாதி. கடைசியா வைச்சவன் அவங்கட ரெண்டாம் நம்பர். போன கிழமை வெண்டனாங்கள்." மைதானத்தின் பெயரையும் போன கிழமை எதிர்த்து ஆடிய ஊரின் பெயரையும் நடுவில் செருகினேன். நீ கிளிப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்தாய். உங்கள் மொழியில் கதைத்ததும் ஆள் தெளிந்துவிட்டான் என்று பிசியோ என் தோளில் தட்டினாள். நீ எழும்பிப் போய் முடியும் வரைக்கும் விளையாடினாய்.

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் பாதி வழி கடந்த பிறகு கேட்டாய்: "மச்சான், நாங்கள் இப்ப மட்சுக்குப் போறமோ, வாறமோ?"

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் சோதனை நேரம் பின்வாங்கில் இருந்து விடை சொல்லிக் கொடுப்பதுதான் கூட்டாளிக்கு அழகு. சொல்லாதவனோடு பிறகு ஒருவரும் கதைக்கமாட்டோம். அந்தப் புத்தியை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தேன். வானில் போகும்போதே உனக்குப் பாடம் எடுப்பேன், போன கிழமை யார், முடிவு என்ன என்று. ஏழெட்டுத் தடவை இருக்கும். "இந்த வருசம் வெளியிலை இருத்தினாங்களெண்டா அடுத்த வருசம் ஒருத்தனும் எடுக்கமாட்டான் மச்சான்" என்பாய். அது உண்மைதான். ஆனால் நான் அதற்காக மட்டும் செய்யவில்லை. கிழமை முழுவதும் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்கினவன் நான். ஞாயிற்றுக்கிழமை நான் ஓடி வந்தால்தான் நீ எழும்புவாய். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

முப்பத்தொன்பதில் நிறுத்தினாய். தெற்கு லண்டனில் ஒரு சின்னக் கழகம் உன்னைக் கோச்சாக எடுத்தது. பஸ் ஓட்டுகிறவன், குழாய் வேலை செய்கிறவன், பள்ளிக்கூட வாத்தியார் என்று வேலை முடிந்து வருகிற ஆட்கள். நீ பெரிய கோச் என்று நான் பொய் சொல்லமாட்டேன். வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போடத் தொடங்கினால் கடைசியில் எது யார் என்று உனக்கே விளங்காது. ஆனால் தலையில் அடிபட்டவனை நீ ஒரு நிமிடமும் உள்ளே விடமாட்டாய். அதில் உன்னைப்போல் ஒருவனை நான் கண்டதில்லை.

ஒரு கிண்ண ஆட்டம் நினைவிருக்கிறதா? இரண்டு புள்ளியால் முன்னுக்கு நின்றோம், ஏழு நிமிடம்தான் இருந்தது. அந்தக் குழாய் வேலைக்காரன், உங்கள் முன்வரிசையின் முதுகெலும்பு, தலையோடு தலை மோதி விழுந்தான். ஐந்து கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னான். அவனை எழுப்பிவிட எல்லாரும் கை கொடுத்தார்கள். நீ குறுக்கே போய் ஆறாவதாக ஒன்று கேட்டாய்: இப்போது உன்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன? அவன் முழித்தான். நீ அவனைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுவந்தாய். அந்த ஏழு நிமிடத்தில் நாங்கள் தோற்றோம்.

உடை மாற்றுகிற அறையில் ஒருவரும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தன் பையைக் காலால் உதைத்தான். அவனுக்கு நீ ஆங்கிலத்தில் சொன்னாய், தெரியாது என்று சொல்கிறவன்தான் அடுத்த கிழமை விளையாடுவான் என்று. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "தண்ணி குடுக்கிறவன் வாய் திறக்கக்கூடாது. விளங்கிச்சோ?" என்றாய். சிரிப்பில்லாத முகம். நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு போத்தல்களைப் பொறுக்கினேன். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ அந்த ஆறாவது கேள்வியை மாற்றிக்கொண்டே இருந்தாய். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாத கேள்விகள். நாங்கள் இருவரும் இதைப் பற்றிக் கதைத்தது அந்த ஒரு நாள்தான்.

நாற்பத்தாறு வயதில் அது வெளியே தெரிந்தது. ஆட்டத்துக்கு முன் நீ அணியின் பெயர்களை வாசித்துக்கொண்டு போனாய். முதல் நாலு பெயரும் சரி. அதற்குப் பிறகு வந்தவை பதினைந்து வருடத்துக்கு முன் வடக்கே உன்னோடு விளையாடினவர்களின் பெயர்கள். அதில் ஒருவன் செத்தும் போய்விட்டான். பெடியள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. நான் உன் கையில் இருந்த தாளை வாங்கி, ஆள் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு மீதியை வாசித்தேன். அதற்கும் உனக்காக நான்தான் பதில் சொன்னேன்.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. குசினி அலுமாரிக் கதவைப் பிடுங்கி எறிந்தாய். ட்ராமில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறங்காமல் போய்க்கொண்டிருந்தாய். விம்பிள்டனில் இருந்து பொலிஸ் கூட்டிவந்தது. முதலில் ஆங்கிலம் போனது, பிறகு பிரெஞ்சு. கடைசியில் அந்தப் பத்து வயதுத் தமிழ் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி உன் மனைவி என்னைக் கேட்டாள். "நீங்கள் வந்தாத்தான் அண்ணை அவர் சொல்லுறது டொக்டருக்கு விளங்கும்" என்றாள்.

அந்தச் சின்ன அறையில் டொக்டர் கேட்டார், இது என்ன மாதம், எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று. நீ உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாய். எவ்வளவு நம்பிக்கையாகப் பார்த்தாய்!

"சொல்லு மச்சான்."

பதில் என் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லன்ரா. கெதியாச் சொல்லு, பிசியோ என்னை வெளியிலை எடுத்துப்போடுவாள்."

என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைக் கேட்டார். யோசிக்கிறாராம் என்றேன். நீ கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. அதுவும், சொல்லியிருந்தாலும் இனி ஒன்றும் கெட்டுப்போகாத இடத்தில்.

அதோடு முடியவில்லை. விளையாடிய காலத்தில் தலையில் அடி எதுவும் பட்டதா என்று டொக்டர் விசாரித்தார். உன் பழைய கழகங்களில் இருந்து தாள்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார், ஆட்டத்தைத் தொடர்ந்தார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று அடுத்ததாகக் கேட்டார். உன் தகப்பன் பிரான்சில் கடைசிக் காலத்தில் ஆட்களைப் பெயர் மாற்றி மாற்றிக் கூப்பிட்டதை உன் மனைவி சொன்னாள். விளையாட்டாலும் வந்திருக்கலாம், ஆனால் தாள்களில் ஒன்றும் இல்லாதபடியால் பரம்பரையையும் யோசிக்க வேண்டும் என்றார் டொக்டர். "பரம்பரையெண்டா பிள்ளையளுக்குமோ?" என்று உன் மனைவி என்னைக் கேட்டாள். அதை நான் ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை. உன் மனைவி என்னை அண்ணை என்று கூப்பிடுகிறாள், பிள்ளைகள் மாமா என்கிறார்கள். உன் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. அதை இழக்கப் பயந்தேன்.

உன் கடைசிக் கிழமைகளில் நீ கட்டிலில் கிடந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாய். "ரெண்டாம் பாதி. ரெண்டாம் நம்பர். வெண்டனாங்கள்." உன் மனைவி என்னைக் கேட்டாள், "இது என்ன அண்ணை, ஏதும் மந்திரமோ?" என்று. "ஒண்டுமில்லைத் தங்கச்சி, பழைய மட்ச்" என்றேன்.

தை மாதம் நெஞ்சில் சளி கட்டி நீ போனாய். ஐம்பத்தொரு வயது. அன்று மத்தியானம் ஒரு தாதி மெல்ல வந்து, மூளையைப் பரிசோதிக்கச் சம்மதமா என்று கேட்டாள். அடியால் வந்ததா, இரத்தத்தில் வந்ததா என்று அப்படிப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியுமாம். உன் சின்னவள் உடனே, "குடுப்பம் அம்மா, எங்களுக்கும் தெரியும்தானே" என்றாள். உன் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. அவரின்ர மனசு உங்களுக்குத்தான் தெரியும்."

நான் சொன்னேன், "உடம்பை முழுசாத் தகனம் செய்யிறதுதான் எங்கட முறை. வெட்டிக் குடுக்க அவன் விரும்பியிருக்கமாட்டான்."

திருவிழாவுக்கும் கோயில் பக்கம் போகாதவன் நான். எனக்கு என்ன முறை தெரியும்? ஐயரைக் கேட்டிருந்தால் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை என்று சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு எல்லாரும் அழுதார்கள், தாதி படிவத்தை மடித்துக்கொண்டு போனாள். நான் எதற்குப் பயந்து அப்படிச் சொன்னேன் என்று உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நெருப்பு எல்லாவற்றையும் முடித்து வைக்கும் என்று நினைத்தேன்.

முடித்து வைக்கவில்லை. உன் மூத்தவளுக்கு இருபத்துநாலு வயது. அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது, கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருக்கிற குடும்பம். பெண் பார்த்து, நாள் குறிக்கிற அளவுக்கு வந்தது. பிறகு பெடியனின் தாய்க்கு யாரோ கதை கொண்டுபோனார்கள், தகப்பனுக்கு ஐம்பதுக்குள் மூளை மங்கியதாம், பாட்டனுக்கும் அப்படித்தானாம் என்று. அவர்கள் பின்வாங்கினார்கள். பெடியன் உறுதியாக நின்றான்; உன் மகள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். இரத்தத்தில் பார்த்தால் சில வகைதான் பிடிபடும், எல்லாம் பிடிபடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை ஆர்ச்வேயில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த உன் மனைவியை ஸ்டேஷனில் கண்டேன். நோர்தன் லைன் ரயிலில் பக்கத்தில் இருந்து வரும்போது சொன்னாள், "மூத்தவள் வேலையாலை வந்து ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியிலை எழுதுறாள் அண்ணை. இண்டைக்கு என்னத்தை மறந்தனான் எண்டு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்த நாள் பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் இருவரையும் இருக்கச் சொல்லி, ஐந்து கேள்விகளையும், நான் தமிழில் சொல்லிக் கொடுத்த பதில்களையும் சொன்னேன். தமிழில் சொன்னதையே மூத்தவளுக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். மூத்தவள் விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள்.

"ஸோ, அப்பாக்கு நிறையக் கன்கஷன் இருந்திருக்கு. ஆனா பேப்பர்ல இல்லை. ஏனெண்டா நீங்கள் ஆன்சர் சொல்லிக் குடுத்தனீங்கள்."

"ஓம் பிள்ளை."

"அப்ப இது எங்கட ஃபெமிலில இல்லை. ரக்பியாலதான் வந்தது." அவள் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு முகம் மாதிரி இருந்தது. "ஷுவரா மாமா?"

அவளுக்கு வேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். சொன்னால் அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டு அந்தப் பெடியனுக்குப் போன் எடுப்பாள். வேண்டிய பதிலைத் தக்க நேரத்தில் சொல்லிக் கொடுப்பதைத் தவிர நான் வாழ்க்கையில் வேறு எதில் கெட்டிக்காரன்? வாய் வரைக்கும் வந்தது மச்சான்.

"தெரியாது பிள்ளை" என்றேன். "பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். எரிக்கச் சொன்னது நான்."

அவள் என்னை ஏசவில்லை. கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு மேலே போனாள். அறைக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. நானும் எழும்பினேன். உன் மனைவி இருந்த இடத்திலேயே இருந்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"முதல் நாள், அவர் உங்களைக் கேட்டவரோ? பதில் சொல்லித் தரச் சொல்லி?"

மேலே அந்த முதல் நாளை நான் எழுதியிருப்பது, இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்த விதத்தில். நீ முணுமுணுத்தாய் என்று எழுதினேன். நீ முணுமுணுக்கவில்லை. பிசியோ முதல் கேள்வியைக் கேட்டதும் என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாய், "தெரியாது மச்சான். எனக்கு ஒண்டும் தெரியேல்லை. வீட்டை போவம்." என்ன சொல்கிறான் என்று அவள் கேட்டாள். முகத்தைத் துடைத்துவிடட்டாம், பிறகு பதில் சொல்வானாம் என்று நான் மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகுதான் குனிந்தேன். இது உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அன்று நடந்த எதுவும் உனக்கு நினைவில் நிற்கவில்லை. பிற்பாடு நீ வாய் திறக்காதே என்று என்னிடம் சொன்னபோதுகூட, முதலில் கேட்டது நீதான் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாய். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

"கேக்கேல்லைத் தங்கச்சி" என்றேன். நீ சொன்னதை, நீ சொன்ன அதே சொற்களில் அவளுக்குச் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வீட்டை போவம் எண்டவரோ?"

"ஓம்."

அவள் எழும்பிப் போய் எனக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வந்தேன். அதன் பிறகு அவள் எனக்குப் போன் எடுக்கவில்லை, எடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் சொன்ன பதில்கள் எல்லாம் உன் பெயரில் தாள்களில் இருக்கின்றன. நீ சொன்ன ஒரே பதிலை நான் இருபது வருடத்துக்கு மேலாக எனக்குள் வைத்திருந்தேன். அதை உன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.